அரை மணி முன்னே ஓடிய கல்யாண வாட்ச்

என் வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவர். விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிகள் அவர் கையிலிருக்கும் வாட்ச்சைக் கேட்டுக்கொண்டுதான் கிளம்பும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். ரிடையர் ஆன பிறகும் அந்த மிடுக்கு குறையவில்லை. காலை ஆறு மணிக்குப் பல் துலக்கிய கையோடு தினக்காலண்டரில் தாளைக் கிழிப்பார். கிழித்த தாளைத் தரையில் போடுவார். நான் கத்துவேன். காதில் வாங்காமல் மொபைலைப் பார்த்து வாட்ச்சில் முள்ளைச் சரிசெய்வார். பிறகு திருகைச் சுற்றிச் சாவி கொடுத்துக் கையில் கட்டிக்கொள்வார். அதற்கப்புறம்தான் காபி.

அந்த வாட்ச் எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு என் அப்பா போட்டது. வெள்ளை முகம், கறுப்பு எண்கள், பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது. எங்கள் மகள் வாங்கிக் கொடுத்த இரண்டு பேட்டரி வாட்ச்சுகள் பீரோவில் பெட்டியோடு தூங்குகின்றன. கேட்டால், "அதுங்க செத்த ஓட்டம் ஓடுதும்மா, இதுக்கு உயிர் இருக்குது" என்பார். கேலி செய்வேனே தவிர, என் அப்பா போட்டதை மனுஷன் விடாமல் கட்டுகிறாரே என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமைதான்.

போன ஜூன் மாதம் வாட்ச்சுக்குப் பிடித்தது கேடு. எங்கள் பேத்தி யுகேஜி படிக்கிறாள். மூன்றரைக்கு அவளைக் கூட்டிவருவது தாத்தாவின் டூட்டி. ஒரு நாள் மூன்று மணிக்கே போய் நின்றுகொண்டு, "மூணரை ஆயிடுச்சு, பெல் அடிக்காம இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்று வாட்ச்மேனிடம் சண்டை பிடித்திருக்கிறார். அவன் தன் மொபைலை எடுத்து முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறான். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோதும் அவர் முகம் சிவந்து கிடந்தது. "அந்த வாட்ச்மேன் ஒரே பேஜாருடி" என்றார். வாட்ச் அரை மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, காலையில் வைக்கும்போது கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் பன்னிரண்டு நிமிஷம் முன்னால். அதற்கு மறுநாள் இருபத்தைந்து. எனக்குப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் வேலை. ஒரு கருவி தினமும் ஒரே அளவில் தப்புக் காட்டினால் அதைத் திருத்திக்கொள்ளலாம். இது ஒழுங்காகத் தப்புச் செய்யக்கூட மாட்டேன் என்றது. அதுதான் என்னைக் குடைந்தது.

நான் வேலை பார்ப்பது திண்டிவனத்தில். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வாட்ச் கடை இருக்கிறது. எப்போது பார்த்தாலும் கூட்டம். பேட்டரி மாற்றுகிறவர்கள், ஸ்ட்ராப் மாற்றுகிறவர்கள், சுவர்க்கடிகாரத்தைக் குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு வருகிறவர்கள். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். ஆள் சிடுசிடு. ஒரு காலை அவரிடம் வாட்ச்சைக் கொடுத்து, முன்னால் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். நான்கு நாள் கழித்துப் போனேன்.

"டீச்சர், நாலு நாளா தொங்கவுட்டுப் பாத்தேன். அர நிமிஷம் கூட வித்தியாசம் இல்ல. வாட்ச்சுல ஒண்ணும் இல்ல. வைக்கறவரு ஒழுங்கா வைக்கணும்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் அப்படியே வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒரு எழுத்தைக்கூட வழியில் சிந்தவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க வாட்ச் பிசகாமல் ஓடியது. மறுநாள் சாயங்காலம் பதினெட்டு நிமிஷம் முன்னால். என் வாய் சும்மா இருக்குமா? "கடைக்காரர் சொன்னது சரியாத்தான் இருக்கு. முள்ள எங்க வைக்கறோம்னு கவனம் வேணாமா? உங்க அம்மா மாதிரியே ஆவப் போறீங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு.

அவர் அம்மா கடைசி இரண்டு வருஷம் எங்களோடுதான் இருந்தார். முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு வீட்டு வாசலை மறந்தார். கடைசியில் ஒரு நாள் சோறு ஊட்ட உட்கார்ந்த மகனை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு சார்?" என்று கேட்டார். இவர் அடுத்த உருண்டையை உருட்டினார். இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவள்தான் நான். என் நாக்கை என்ன செய்ய?

அன்றைக்கு அவர் வாட்ச்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார். நான் சொன்னதை மறந்தே போனேன். எனக்கு வாட்ச் மேல்தான் ஆசை வந்துவிட்டது. சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொருள், கடையில் ஒழுங்காகவும் எங்கள் வீட்டில் தறிகெட்டும் ஏன் ஓட வேண்டும்? காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் மொபைலில் வாட்ச் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றால் எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு இன்னும் இரண்டு பக்கம் படிக்கலாமே என்று இருக்கும்.

படிக்கப் படிக்க வாய் பிளந்தேன். வாட்ச்சுக்குள் ஒரு சின்னச் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கிறது. அதைத் தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு சுருள் கம்பி இழுத்து இழுத்து விடுகிறது. கடைக்காரர்கள் அதை ஹேர்ஸ்பிரிங் என்கிறார்கள். எங்கள் வாட்ச் மாதிரியானவற்றில் ஒரு நொடிக்கு ஐந்து தட்டு. பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். எங்கள் கல்யாண நாளிலிருந்து எவ்வளவு என்று போடப் போனேன், டிக்கெட்டில் இடமில்லை.

அந்தச் சுருள் வருவதற்கு முன்னால், ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் பையில் வைத்திருந்த கடிகாரங்களே ஒரு நாளைக்கு அரை மணி, முக்கால் மணி என்று தப்பாக ஓடுமாம். நிமிஷ முள் வைத்துப் பிரயோஜனமில்லை என்று மணி முள் மட்டும் வைத்தார்களாம். சுருள் வந்த பிறகுதான் நிமிஷத்துக்கு மரியாதை வந்தது. ஊசிமுனை அளவு அச்சுகள் தேயாமல் இருக்கக் கெம்புக்கல்லில் துளை போட்டு உட்கார வைக்கிறார்கள். எங்கள் வாட்ச் முகத்தில் பதினேழு ஜுவல்ஸ் என்று எழுதியிருப்பதை இத்தனை வருஷம் நான் சும்மா ஒரு பெருமைப் பேச்சு என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே உள்ளே பதினேழு கல் இருக்கிறது. நகைக்கடைக்கல் இல்லை, தொழிற்சாலையில் செய்த கல்தான். இருந்தாலும் என் அப்பா மாப்பிள்ளைக்குப் பதினேழு கல் போட்டிருக்கிறாரே!

இன்னொன்று படித்துப் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். ஆரம்பத்தில் கையில் கட்டும் வாட்ச் பொம்பளைகள் சமாச்சாரமாம். ஆண்கள் பையில் வைத்துக்கொள்வார்கள். கையில் கட்டினால் வளையல் போட்டவன் என்று கேலி செய்வார்களாம். பிறகு பெரிய யுத்தம் வந்தது. பதுங்குகுழியில் துப்பாக்கியும் கையுமாக இருக்கிறவன் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியுமா? எல்லாருமாகச் சேர்ந்து அந்த வளையலைப் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். வழக்கமாக இதற்கெல்லாம் எகிறிக் குதிக்கிற ஆள், "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை துணி துவைக்கப் போட்டபோதுதான் தெரிந்தது. மெஷினில் போடும் முன் சட்டைப் பைகளைத் துழாவுவது என் வழக்கம். இவர் சட்டையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் கட்டு இருந்தது. தினக்காலண்டர் தாள்கள். அப்போதுதான் நினைத்தேன், தரையில் காலண்டர் தாள் கிடக்கிறதென்று நான் கத்தியே எத்தனை நாளாயிற்று! ஒவ்வொரு தாளின் பின்னாலும் பால்பாயிண்டில் எழுதியிருந்தது. "6.05. போன பாத்து வச்சேன். சாவி 32 சுத்து." அடுத்த தாள்: "6.02. ரெண்டு தடவ பாத்தேன். சரியா வச்சேன். 32 சுத்து." இன்னொன்று: "6.10. கண்ணாடி போட்டு பாத்தேன். சரி." அதற்குக் கீழே, "சாயங்காலம் 22 நிமிஷம் முன்னாடி" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

சில தாள்களில் வாட்ச் சமாச்சாரமே இல்லை. விழுப்புரம், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம் என்று ஸ்டேஷன் பெயர்கள் வரிசையாக இருந்தன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சென்னை வரைக்கும் ஒப்பிக்கிற மனுஷன். ஒரு தாளில் பேரணியை விட்டுவிட்டார். பிறகு நடுவில் ஒரு அம்புக்குறி போட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதிச் சேர்த்திருந்தார். அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் மெஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். மனுஷன் தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறார். கேள்வித்தாளைக் கொடுத்தவள் நான். எனக்கு அழுகை வந்தது. என் மேலேயே கோபமும் வந்தது.

கட்டை அப்படியே சட்டைப் பையில் திருப்பி வைத்து, அந்தச் சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டேன். பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அவருக்கு அவமானமாக இருந்திருக்கும். ஒன்று வாட்ச் கெட்டிருக்க வேண்டும், இல்லை இவர் கெட்டிருக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

திங்கட்கிழமை காலையில் அவரிடம் வாட்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போனேன். இந்தத் தடவை கொடுத்துவிட்டு ஓடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் ஒருவர் கொடுத்த வாட்ச்சைக் கடைக்காரர் வாங்கினார். என்ன கோளாறு என்றுகூடக் கேட்கவில்லை. மேஜை ஓரத்திலிருந்த ஒரு சின்ன நீலப் பெட்டி மேல் வைத்து, பட்டனை அழுத்தி, மெதுவாக வாட்ச்சை மேலே தூக்கினார். அதற்கப்புறம்தான் முகத்தைத் திருப்பி, "இன்னாங்க பிரச்சன?" என்றார்.

"அது என்னங்க நீலப் பெட்டி?" என்றேன்.

"காந்தம் எடுக்கறது டீச்சர். எது வந்தாலும் மொதல்ல இதுல ஒரு தடவ காட்டிருவேன். கை பழக்கம்."

"என் வாட்ச்சையும் போன தடவை காட்டினீங்களா?"

"காட்டாம இருப்பேனா?"

"காட்டறதுக்கு முன்னாடி அதுல காந்தம் ஏறியிருந்ததா?"

"அத யாரு பாத்தது?" என்று சொல்லிக்கொண்டே என் வாட்ச்சுக்குக் கையை நீட்டினார். கை நேராக நீலப் பெட்டிக்குத்தான் போனது. நான் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "அதுல காட்டாதீங்க! முதல்ல தொறந்து பாருங்க" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர் இது" என்று முணுமுணுத்துக்கொண்டு கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஒட்டிக்கினு இருக்குது" என்றார் கடைசியில். குரலில் இருந்த சிடுசிடுப்பு போய்விட்டது. லென்ஸைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முதலில் மினுமினுப்புதான் தெரிந்தது. பிறகு சக்கரம் தெரிந்தது, கெம்புக்கல் தெரிந்தது, நடுவில் அந்தச் சுருள். தனித்தனி வளையமாக மூச்சுவிட வேண்டிய சுருளில் இரண்டு மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஊஞ்சல் கயிற்றைக் குட்டையாகக் கட்டினால் வேகமாக ஆடுகிறதல்லவா, சுருள் குட்டையானாலும் சக்கரம் அப்படித்தான் துள்ளும். எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு வேகம். ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் அரை மணி என்று ஓடியதன் கணக்கு அங்கே பளிச்சென்று தெரிந்தது. அவர் இப்போது நீலப் பெட்டியில் காட்டிவிட்டு மறுபடி லென்ஸைக் கொடுத்தார். வளையங்கள் பிரிந்து அழகாக விரிந்து விரிந்து சுருங்கின. என் அப்பா போட்ட வாட்ச்சின் உள்ளே இப்படி ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"தப்பு என்னுதுதான் டீச்சர். மொதல்லயே காந்தத்த எடுத்துட்டு அப்புறம் நாலு நாளு பாத்தா கோளாறு எப்படித் தெரியும்? சார்கிட்ட சொல்லிடுங்க, வைக்கறவரு மேல தப்பு இல்லன்னு. ஆனா வூட்டுல எங்கியோ காந்தம் இருக்குது. அத எடுக்காம இது அடங்காது" என்றார்.

"எங்க வீட்டுல ஏதுங்க காந்தம்?" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே போய் லேபிலிருந்து ஒரு காந்த ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் லீவு போட்டேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை, வாட்ச்சும் கையில் தரவில்லை. அவர் பேப்பரை விரித்துக்கொண்டு ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஸ்பீக்கர் பக்கம் ஊசி ஆடியது. அங்கே இவர் வாட்ச் வைப்பதில்லை. ஃப்ரிட்ஜ் கதவு, பீரோ, இன்வர்ட்டர், தையல் மெஷின் என்று ஒன்று விடவில்லை. மொபைல் உறையின் மூடியில் துளியூண்டு காந்தம் இருந்தது. இதுதான் கள்ளன் என்று குதித்தேன். ஆனால் மொபைல் எப்போதும் கூடத்தில் சார்ஜில் கிடக்கும், வாட்ச் ராத்திரி அலமாரியில் இருக்கும்.

அலமாரியில் மாதா படத்துக்குக் கீழே ஒரு பழைய சோப்பு டப்பா. ராத்திரி கழற்றும் சாமான்களை அவர் அதில்தான் போடுவார். ஊசியை அதன் பக்கம் கொண்டுபோனேன். ஊசி சிலிர்த்துக்கொண்டு ஒரே சுற்றாகச் சுற்றித் திரும்பி நின்றது. டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஜெபமாலை, ஒரு சாவி, பிறகு பளபளவென்று ஒரு காப்பு.

அட கடவுளே! மே மாதம் விழுப்புரத்துப் பொருட்காட்சியில் நான்தான் அதை வாங்கினேன். காந்தக் காப்பு. மூட்டுவலி பறந்துபோகும் என்று மைக்கில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். காலையில் குளித்ததும் போட்டு ராத்திரி கழற்றி வைக்கச் சொன்னான். பத்தாம் வகுப்புக்குக் காந்தம் நடத்துகிறவள், அதை வாங்கினேன் என்று கூட வேலை பார்க்கிறவர்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, என் கையாலேயே இவர் கையில் மாட்டினேன். வளையல் மாதிரி இருக்கிறது என்று நெளிந்தவர், நான் வாங்கியது என்பதற்காகத் தினமும் போட்டுக்கொண்டு, தினமும் ராத்திரி என் அப்பா போட்ட வாட்ச்சின் பக்கத்தில் பத்திரமாகப் படுக்க வைத்திருக்கிறார். அன்று அவர் இன்னும் குளிக்காததால்தான் அது டப்பாவில் கிடந்தது, முந்தின நாள்கூட அவர் கையில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஏது காந்தம் என்று கேட்டவளுக்கு அது நினைவுக்கே வரவில்லை. மறதி யாருக்கு?

டப்பாவையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீலப் பெட்டி, ஒட்டிக்கிடந்த சுருள், கடைக்காரர் சொல்லச் சொன்னது, பொருட்காட்சி. அவர் காப்பை எடுத்து ஊசியின் பக்கத்தில் வைத்தார். ஊசி சுற்றியது. எடுத்தார், திரும்பியது. மறுபடி வைத்தார். சின்னப்பிள்ளை மாதிரி ஏழெட்டுத் தடவை செய்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கட்டை எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"அப்போ நான் சரியாத்தான் வச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

"சரியாத்தாங்க வச்சீங்க. ஒவ்வொரு நாளும் சரியாத்தான் வச்சீங்க. நான் சொன்னதுதான் தப்பு. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"நீ சொன்னது போவுது, வுடு. உன் வாய் எனக்குத் தெரியாதா?" என்றார். காப்பை டப்பாவில் போட்டு மூடினார். "நானே அத நம்பிட்டேன்டி. அதான்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாட்ச்சைக் கட்டிவிட்டேன். ஒரு தாளில் பேரணி ஸ்டேஷனை விட்டதற்கு என்ன காரணம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து கூடத்துக்கு வந்தபோது அவர் காபிக்குக் காத்துக்கொண்டிருந்தார். காலண்டர் தாள் கிழிபட்டுத் தரையில் கிடந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவள் குனிந்து அதை எடுத்தேன், புரட்டிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.